சூடாக்கினால் சிக்கல் அயன் உருவாகுமா, உடையுமா?

துணுக்காய்_வேதி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். உயர்தர இரசாயனவியல் வகுப்புக்குச் சிக்கல் அயன்களில் (உலோக அயனைச் சுற்றி வேறு அயன்களோ மூலக்கூறுகளோ பிணைந்தவை) வெப்பநிலையின் விளைவைக் காட்ட மூன்று செய்முறைகளை ஒழுங்குபடுத்துகிறேன். மூன்றும் மூன்று விதமாகப் போகின்றன. கோபாற்று குளோரைட்டுக் கரைசலில் செறிந்த ஐதரோக்குளோரிக்கமிலம் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நீலமாகிறது. அதாவது சூட்டில் குளோரைட்டுச் சிக்கல் கூடுகிறது. இரும்பு 3+ தயோசயனேற்றின் இரத்தச் சிவப்போ சூட்டில் வெளிறுகிறது. செம்பு–அமோனியாவின் கடும் நீலம் மங்கி, கடைசியில் கறுப்பாக ஏதோ படிகிறது.

லீ சற்றலியர் தத்துவத்தைச் சொல்லி "இது அகவெப்பத் தாக்கம், அது புறவெப்பத் தாக்கம்" என்று முடித்துவிடலாம். ஆனால் ஒன்று ஏன் வெப்பத்தை உறிஞ்சுகிறது, மற்றது ஏன் வெளிவிடுகிறது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? பொதுவாகப் பிடித்துக்கொள்ள ஒரு விதி இருக்கிறதா?

இன்னும் சில கேள்விகள். செறிந்த அமிலம் கொஞ்சம்தான் இருக்கிறது, அதற்குப் பதிலாகச் சோற்றுப்புப் பாவிக்கலாமா? கிணற்றுத் தண்ணியில் கரைசல் செய்தால் சூடாக்கும்போது கலங்குகிறது, ஏன்? தண்ணீரின் கடினத்தன்மையை ஈடிடிஏயால் (உலோக அயனை இறுகப் பிடிக்கும் சேர்வை) நியமிக்கும்போது, அதாவது துளித்துளியாக விட்டு அளக்கும்போது, மாதிரியைச் சூடாக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா? கடைசியாக, 100 பாகைக்கு மேலே, பூமிக்குள் இருக்கும் வெந்நீரில் உலோகங்கள் குளோரைட்டோடு சேர்ந்துதான் பயணிக்கின்றன என்கிறார்களே, அங்கே நடப்பதும் இந்தக் கோபாற்றுக் குழாயில் நடப்பதும் ஒன்றுதானா?

(பாகை என்று எழுதுவதெல்லாம் செல்சியசு.)


ஆய்வுகூட_மேசை எழுதியது:

வணக்கம். விதி இருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்க வேண்டுமென்றால், கரைசலில் உலோக அயன் தனியே நிற்பதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கோபாற்று 2+ ஐச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகியாக நிற்கின்றன. எனவே "சிக்கல் உருவாதல்" என்று நாம் எழுதுவதெல்லாம் உண்மையில் இடமாற்றம்: நீர் வெளியே போகிறது, வேறொரு லிகண்ட் (உலோகத்தோடு பிணையும் அயன் அல்லது மூலக்கூறு) உள்ளே வருகிறது. நீரைப் பிடுங்க எவ்வளவு வெப்பம் செலவாகிறது, வருகிறவர் எவ்வளவைத் திருப்பித் தருகிறார், எத்தனை மூலக்கூறுகள் விடுதலையாகின்றன: இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

கோபாற்றில் ஆறு நீர் போய் நான்கு குளோரைட்டு வருகிறது. இடப்பக்கத்தில் ஐந்து துணிக்கைகள், வலப்பக்கத்தில் ஏழு. எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) கூடுகிறது. ஆனால் குளோரைட்டு, இழந்த நீரின் பிணைப்புக்கு ஈடாக வெப்பம் தருவதில்லை. மொத்த வெப்பவுள்ளுறை மாற்றம் (உறிஞ்சும் வெப்பம் +, வெளிவிடும் வெப்பம் −) மூலுக்கு ஏறத்தாழ +50 கிலோயூல். ஆகவே சூடு இதற்குச் சாதகம்.

செம்பு–அமோனியாவில் ஒரு நீருக்கு ஒரு அமோனியா. துணிக்கை எண்ணிக்கை மாறவில்லை, அமோனியா ஒரு மின்னேற்றத்தையும் சமப்படுத்தவில்லை. அது உள்ளே வருவதற்குக் காரணம் பிணைப்பு உறுதி மட்டுமே. ஒவ்வொரு அமோனியாவுக்கும் சுமார் 20 கிலோயூல் வெளிவருகிறது. சூடு இதற்குப் பாதகம்.

பொதுவில், குளோரைட்டு, சல்பேற்று, புளோரைட்டு, ஐதரொட்சைட்டு போன்ற எதிர் அயன்கள் கடினமான (சிறிய, எளிதில் உருக்குலையாத) உலோக அயனோடு முக்கியமாக மின்னேற்றக் கவர்ச்சியால் சேரும்போது, தாக்கம் எந்திரப்பியால்தான் நடக்கிறது, சூட்டில் வலுக்கும். அமோனியா, சயனைட்டு, அயடைட்டு போன்றவை பங்கீட்டுத் தன்மையோடு இறுகப் பிணைகிற இடங்களில் வெப்பம் வெளிவருகிறது, சூட்டில் தளரும். விலக்குகள் உண்டு, ஆனாலும் மாணவருக்கு இந்த அளவு நல்ல பிடி.

சமநிலை மாறிலி வெப்பநிலையோடு எப்படி மாறும் என்று தரும் வான்ற் ஹொவ் சமன்பாட்டைப் போட்டு அளவையும் காட்டுங்கோ. 25 இலிருந்து 100 பாகைக்குப் போகும்போது, வெப்பவுள்ளுறை மாற்றம் +20 கிலோயூல் என்றால் (மகனீசியமும் சல்பேற்றும் அயன் சோடியாவது ஏறத்தாழ இப்படித்தான்) சமநிலை மாறிலி 5 மடங்காகும். +50 என்றால் 57 மடங்கு. −90 என்றால், அதாவது நான்கு அமோனியாவும் சேர்ந்து, 1500 இல் ஒரு பங்காகக் குறையும்.

இந்தக் கடைசி எண்ணில் ஒரு முக்கியமான விசயம் இருக்கிறது. செம்பு நான்கு அமோனியாவோடு சேரும் மொத்த மாறிலியின் மடக்கை 25 பாகையில் 13 ஐ அண்டியது. அது 1500 மடங்கு குறைந்தாலும் மடக்கை 10 க்குக் கிட்ட நிற்கும். மேலதிக அமோனியா இருந்தால் 100 பாகையிலும் செம்பு அநேகமாக முழுவதும் சிக்கலாகத்தான் இருக்கும். ஆகவே நீங்கள் காணும் மங்கலுக்குச் சமநிலை நகர்வு காரணமில்லை. அமோனியா வாயுவாக வெளியேறுகிறது, அமோனியா இல்லாமல் செம்பு ஐதரொட்சைட்டு படிகிறது, அது சூட்டில் நீரிழந்து கறுப்பு ஒட்சைட்டாகிறது. இந்தச் செய்முறையை "வெப்பநிலையால் சமநிலை மாறுவதற்கு" உதாரணமாகக் காட்ட வேண்டாம். ஆவிபறக்கும் லிகண்டுக்கு உதாரணமாகக் காட்டலாம். குழாயை இறுக்கி மூடிச் சூடாக்கி அமோனியாவைத் தடுக்கிற யோசனை வேண்டவே வேண்டாம், வெடிக்கும்.

இனிக் கோபாற்று. அறுநீர் கோபாற்று குளோரைட்டு 4 கிராமை 40 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கோ. செறிந்த ஐதரோக்குளோரிக்கமிலத்தைச் சிறிது சிறிதாக, கலக்கிக் கலக்கிச் சேருங்கோ. 60 மில்லிலீற்றரை அண்டிப் போகும்போது ஊதா நிறம் வரும். அங்கே நிறுத்த வேண்டும். இளஞ்சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் நின்றால்தான் இரண்டு பக்கமும் நகர்வது தெரியும். மூன்று சோதனைக்குழாயில் பிரித்து, ஒன்றைப் பனிக்கட்டித் தண்ணியில், ஒன்றை மேசையில், ஒன்றை 80–90 பாகை நீர்த்தொட்டியில் வையுங்கோ.

சூட்டிலும் இளஞ்சிவப்பாகவே நின்றால் குளோரைட்டு போதவில்லை. பனிக்கட்டியிலும் நீலமாகவே நின்றால் அமிலம் கூடிவிட்டது, துளித்துளியாக நீர் விட்டுத் திருத்தலாம். எங்கள் பக்கம் அறை வெப்பநிலை 30 க்கு மேல் நிற்பதால், 20 பாகை நாடுகளுக்கு எழுதின அளவைக்காட்டிலும் சற்று முன்னமே ஊதா வரும். அளவைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்து நிறுத்துங்கோ. நேரடிச் சுடரில் பிடிக்க வேண்டாம், அமிலம் துள்ளும். யன்னல் திறந்த இடம், கையுறை, கண்ணாடி கட்டாயம். கோபாற்று உப்புகள் நஞ்சு, தோலில் ஒவ்வாமையும் தரும்.

மாணவர் எழுப்பக்கூடிய நல்ல எதிர்வாதம் ஒன்று: "சூடாக்கினால் நீர் ஆவியாகி, குளோரைட்டுச் செறிவு கூடியதால்தானே நீலம் வந்தது?" இதற்குப் பதில் செய்முறையிலேயே இருக்க வேண்டும். குழாயின் வாயில் பஞ்சைத் தளர்வாக வைத்து, சூடாக்கின பிறகு அதே குழாயைப் பனிக்கட்டியில் இறக்குங்கோ. முழுவதும் பழைய நிறத்துக்குத் திரும்பினால் அது வெப்பநிலை. திரும்பாத பங்கு இருந்தால் அது ஆவியாதல்.

சோற்றுப்பால் கோபாற்றை நல்ல நீலத்துக்குக் கொண்டுபோவது கஷ்டம், ஏனென்றால் நிரம்பிய உப்புக் கரைசலிலேயே லீற்றருக்கு 6 மூல் அளவுக்குக் கீழேதான் குளோரைட்டு கிடைக்கும். நீரற்ற கல்சியம் குளோரைட்டு இருந்தால் அதைச் சேருங்கோ. ஒரு மூலுக்கு இரண்டு குளோரைட்டு தரும், தன்னோடு நிறைய நீரையும் கட்டிக்கொள்ளும், கோபாற்றுக்கு மிஞ்சும் கட்டற்ற நீர் குறையும். கரையும்போது தானே சூடாகும் என்பதால் ஆறவிட்டுத்தான் நிறத்தைப் பார்க்க வேண்டும்.

சோற்றுப்புக்கு ஏற்றது செம்பு. மயில்துத்தம் (செம்புச் சல்பேற்று) 2.5 கிராமை 50 மில்லிலீற்றர் நீரில் கரைத்தால் லீற்றருக்கு 0.2 மூல். அதில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, மற்றப் பாதி 25 மில்லிலீற்றரில் உப்பு 7.5 கிராம் கரையுங்கோ. நீலம் பச்சையாகத் திரும்பும். இரண்டையும் ஒரே நீர்த்தொட்டியில் 80 பாகைக்குக் கொண்டுபோங்கோ. உப்பில்லாதது நிறம் அவ்வளவாக மாறாது. உப்புள்ளது மஞ்சட்பச்சையை நோக்கிப் போகும், ஆறினால் திரும்பும். பக்கத்தில் அந்த உப்பில்லாத குழாய் நின்றால்தான் மாணவர் நம்புவார்கள். விவசாயக் கடை மயில்துத்தத்தில் கரையாத தூசி இருக்கும், வடித்து, ஒரு துளி ஐதான சல்பூரிக்கமிலம் விட்டால் தெளிவாக நிற்கும்.

இரும்பு தயோசயனேற்றில் இரண்டு தாக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று நடக்கின்றன. சிக்கல் உருவாதல் சிறிதளவு புறவெப்பம், ஆகவே சூட்டில் வெளிறுகிறது. அதே நேரம் இரும்பு 3+ இன் நீர்ப்பகுப்பு பலமான அகவெப்பம், மூலுக்கு +40 கிலோயூலுக்கு மேல். அமிலம் போதாவிட்டால் சூட்டில் இரும்பு, ஐதரொட்சைட்டுப் பக்கம் போய்க் கபில நிறமாகக் கலங்கும்; ஆறினாலும் திரும்பாது. இரண்டு கரைசலையும் லீற்றருக்கு 0.002 மூல் செறிவில், 0.1 மூல் நைத்திரிக்கமிலத்தில் தயாரித்து, சம கனவளவு கலவுங்கோ. 60 பாகை போதும். தயோசயனேற்றைச் செறிந்த அமிலத்தோடு சூடாக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.


மாரித்தண்ணி எழுதியது:

கிணற்றுத் தண்ணி விசயம் மட்டும் சொல்லுறன்.

பூநகரி, முழங்காவில் பக்கம் சுண்ணக்கல் நிலம். தண்ணியில் கல்சியமும் இருகாபனேற்றும் தாராளம். சூடாக்கினால் இருகாபனேற்று, காபனீரொட்சைட்டை விட்டிட்டுக் காபனேற்றாகும், கல்சியம் காபனேற்று படியும். கேத்திலுக்குள்ள வெள்ளையாய்ப் பிடிக்கிறதும் இதுதான். கல்சியம் காபனேற்று பெரும்பாலான உப்புகளுக்கு எதிர்மாறு, சூட்டில் கரைதிறன் குறையும். கருங்கல் நிலமான வவுனியாப் பக்கமும் கடினத் தண்ணி இருக்கு, ஆகவே இடத்தை வைத்து நம்ப வேண்டாம்.

கலங்கல் மட்டுமில்லைப் பிரச்சினை. அந்தத் தண்ணியில் மயில்துத்தம் போட்டால் சூடாக்க முதலே இளநீலமாய்ப் படியும். அது செம்பின் கார காபனேற்று. கரைசலின் செறிவு நீங்கள் நிறுத்த அளவு இல்லை. இரும்புக் கரைசலென்றால் இன்னும் மோசம். சில கிணறுகளில் தண்ணியிலேயே இரும்பு இருக்கும். தேத்தண்ணி கறுத்துப்போற இடங்களில் இரும்பு, தேயிலையின் தனினோடு சிக்கலாகிறது. அதுக்குள்ள தேசிக்காய் பிழிஞ்சால் நிறம் இளகும், அமிலமும் சிற்றேற்றும் தனினிட்ட இருந்து இரும்பைப் பறிக்கிறதால. வகுப்பில் காட்டத் தகுந்த போட்டித் தாக்கம் இது, செலவும் இல்லை.

கரைசலுக்கு, வாகனப் பற்றரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணி எரிபொருள் நிலையத்தில் வாங்கலாம். பற்றரி அமிலத்தை மாறி எடுத்துப்போடாதேங்கோ, போத்தலைப் பார்த்து வாங்குங்கோ. மாரியில் கூரைத் தண்ணியும் சரி, முதல் அரை மணித்தியாலம் கழுவ விட்டிட்டுப் பிடிச்சால். ஓட்டுக் கூரை அல்லது தகரம். அஸ்பெஸ்டஸ், சீமெந்துக் கூரையென்றால் கல்சியம் வரும். சோதிக்கிறதென்றால், 100 மில்லிலீற்றரைக் கண்ணாடி முகவையில் வற்ற வைத்துப் பாருங்கோ. வெள்ளை வளையம் விழாட்டிப் பாவிக்கலாம்.


கனிமநாளம் எழுதியது:

100 பாகைக்கு மேலே என்ன நடக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். கோபாற்றுக் குழாயில் தெரிவது அதே திசையின் தொடக்கம்தான், ஆனால் மேலே போகப் போக முக்கியக் காரணம் மாறுகிறது. குழாயில் நாம் அயனையும் லிகண்டையும் பார்த்தோம். 200, 300 பாகையில் நீரைப் பார்க்க வேண்டும்.

அயன்களைப் பிரித்து வைத்திருப்பது நீரின் பெரிய மின்னுழைய மாறிலி. இரண்டு மின்னேற்றங்களுக்கிடையிலான கவர்ச்சி, வெற்றிடத்தில் இருப்பதைவிட நீருக்குள் எத்தனை மடங்கு குறைகிறது என்பதே அந்த எண். 25 பாகையில் 78. 100 இல் 55 அல்லது 56. 200 இல் 35. 300 இல், நீர் திரவமாகவே இருக்கும் அழுத்தத்தில், ஏறத்தாழ 20. அதாவது 300 பாகையில் நேர், எதிர் அயன்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை அறை வெப்பநிலையில் இருப்பதைப்போல் சுமார் நான்கு மடங்கு. சூட்டால் நீரின் ஐதரசன் பிணைப்பு வலை தளர்ந்து, மூலக்கூறுகள் ஒழுங்காகத் திரும்பி நிற்க முடியாமல் போவதன் விளைவு இது. மேசை உப்பின் அயன்கள்கூட இந்த நிலையில் கணிசமாகச் சோடி சேரும்.

இதிலிருந்து சில விளைவுகள் வருகின்றன. 2+ போன்ற உயர் மின்னேற்றத் தனி அயன்களுக்கு வெந்நீர் வசதியான இடமில்லை. மின்னேற்றம் குறைந்த, நடுநிலையான சிக்கல்களே மிஞ்சும். இரும்பு 2+, நாகம் (துத்தநாகம்), ஈயம் எல்லாம் குளோரைட்டோடு சேர்வது இதனால்தான். கோபாற்று, நிக்கல், இரும்பு 2+, நாகம் போன்றவற்றில் எண்முகி குலைந்து நான்முகியாகும் போக்கும் பலமாகும், ஏனென்றால் ஒவ்வொரு நீர் விடுபடுவதிலும் எந்திரப்பி இலாபம் இருக்கிறது, வெப்பநிலை அந்த இலாபத்தைப் பெருக்குகிறது. ஒன்றாம் இணைதிறன் செம்பும் பொன்னும் நேர்கோட்டில் இரண்டு லிகண்டோடு நிற்கும்.

போட்டியாளர் ஒருவரை மறக்கக் கூடாது. நீரின் சுய அயனாக்க மாறிலியின் எதிர் மடக்கை 25 பாகையில் 14.00, 100 இல் 12.26, 250 ஐ அண்டி ஏறத்தாழ 11.2. அதாவது நடுநிலை நீரின் பீஎச் 100 பாகையில் 6.1 தான், 250 இல் 5.6. ஐதரொட்சைட்டு இத்தனை மலிவாகக் கிடைப்பதால் நீர்ப்பகுப்பும் சூட்டில் வலுக்கிறது. மேலே இரும்பு 3+ க்குச் சொன்னது எல்லா உலோகத்துக்கும் கூடிக் குறைந்து பொருந்தும். குளோரைட்டு வெல்ல வேண்டுமென்றால் கரைசல் உப்பாகவும் சற்று அமிலமாகவும் இருக்க வேண்டும்.

கடலடி வெந்நீர் வாய்களில் இதை நேரடியாகக் காணலாம். 1979 இல் கிழக்குப் பசிபிக் மேட்டில் கண்டுபிடிக்கப்பட்ட கரும்புகை வாய்களில் நீர் 350 பாகை அளவில் வெளிவருகிறது. கடல்நீரின் குளோரைட்டு லீற்றருக்கு 0.55 மூல் அளவு. பாறைக்குள் சுற்றிச் சூடேறி அமிலமான அந்த நீர் இரும்பையும் செம்பையும் நாகத்தையும் குளோரைட்டுச் சிக்கலாகச் சுமந்து வருகிறது. 2 பாகைக் கடல்நீரோடு கலந்த உடனே மின்னுழைய மாறிலி ஏறுகிறது, குளோரைட்டின் பிடி தளர்கிறது, பீஎச் உயர்கிறது, கூட வந்த சல்பைட்டு உலோகத்தைப் பிடித்துக் கறுப்புத் துகளாகப் படிகிறது. பொன் மட்டும் வேறு வழியில் போகிறது: அது மென்மையான அயன், கந்தகத்தை விரும்பும், மிதமான சூட்டில், இரண்டு ஐதரசன் சல்பைட்டு அயனோடு சேர்ந்த சிக்கலாகவே பெரும்பாலும் கரைந்து வரும். நீர் கொதித்து ஐதரசன் சல்பைட்டு ஆவியாகப் போய்விட்டால் பொன் படியும். அமோனியா வெளியேறிச் செம்பு படிந்ததே, அதன் அதே இயங்குமுறை.

கன்னியா வெந்நீரூற்றை வைத்து மாணவர் கேட்பார்கள். அங்கே 40 பாகை அளவுதான். அந்த வெப்பநிலையில் மின்னுழைய மாறிலி 73. வேதியியலில் அது இன்னும் குளிர்ந்த நீர்தான்.

கணக்குச் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 25 பாகைத் தரவை எடுத்து வான்ற் ஹொவ் நேர்கோட்டை 250 வரை நீட்டினால் விடை பல மடங்கு பிழைக்கும். அயன்கள் சேர்கிற தாக்கங்களில் வெப்பக் கொள்ளளவு மாற்றம் பெரியது. வெப்பவுள்ளுறையே வெப்பநிலையோடு மாறிக்கொண்டிருக்கும். அறை வெப்பநிலையில் புறவெப்பமாகத் தொடங்கி, இடையில் ஒரு தாழ்புள்ளிக்கு வந்து, பிறகு சூட்டில் வலுக்கும் சிக்கல்களும் உண்டு. 1981 இல் ஹெல்கசனும் கேர்க்கமும் பிளவர்சும் வெளியிட்ட சமன்பாடுகளும், அவற்றின் மேல் 1992 இல் வந்த சுப்கிறிற்று என்ற கணினி நிரலும்தான் புவிவேதியியலில் இதற்கான வழமையான கருவி. அவை இல்லாமல் கையால் மதிப்பிட வேண்டுமென்றால், இரண்டு பக்கத்திலும் நேரேற்றங்களும் எதிரேற்றங்களும் தனித்தனியே ஒத்திருக்கும்படி தாக்கத்தை எழுதுங்கள். உலோகம் 2+ உம் அசற்றேற்று அயனும் சேர்வதாக எழுதாமல், உலோகம் 2+ உம் அசற்றிக்கமிலமும் சேர்ந்து ஒற்றை நேரேற்றச் சிக்கலும் ஐதரசன் அயனும் தருவதாக எழுதினால், இரு பக்கமும் நேரேற்றம் மொத்தம் 2, எதிரேற்றம் எதுவும் இல்லை. வெப்பக் கொள்ளளவு மாற்றம் சிறிதாகும், மடக்கைக்கும் தனி வெப்பநிலையின் தலைகீழுக்கும் வரையும் கோடு நேராகும். பிறகு அசற்றிக்கமிலத்தின் அயனாக்க மாறிலியின் மடக்கையை அந்தந்த வெப்பநிலையில் தனியாகக் கழிக்கலாம். அதற்கு நல்ல அளவீடுகள் இருக்கின்றன.

செறிவையும் லீற்றருக்கு இத்தனை மூல் என்று எழுதாமல், ஒரு கிலோ நீருக்கு இத்தனை மூல் என்று எழுதுங்கள். நீரின் அடர்த்தி (மில்லிலீற்றருக்குக் கிராம்) 25 பாகையில் 0.997, 100 இல் 0.958, 250 இல் 0.80. லீற்றர்க் கணக்கு சூட்டோடு தானே மாறிவிடும்.


துணுக்காய்_வேதி எழுதியது:

மிக்க நன்றி, மூவருக்கும். பிரஷர் குக்கரில் 120 பாகை கிடைக்கிறதே, மூடிய கண்ணாடிப் போத்தலில் செம்பு–உப்புக் கரைசலை உள்ளே வைத்து அந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோகலாமா? கடினத்தன்மை நியமிப்பு பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.


கனிமநாளம் எழுதியது:

வேண்டாம். 120 பாகையில் நீராவி அழுத்தம் 2 பார் அளவுதான், ஆனால் மூடிய போத்தல் உடையும் ஆபத்து, குக்கருக்குள் இருக்கும்போதைவிட, குக்கரைத் திறந்து வெளியே எடுக்கும்போதுதான் கூடுதல். அப்போது வெளியழுத்தம் போய்விடும், உள்ளழுத்தம் நிற்கும். சிந்தினால் செம்பும் குளோரைட்டும் சேர்ந்து அலுமினியத்தை அரித்துத் துளை போடும். அதோடு 100 க்கும் 120 க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் புதிய மாற்றம் எதுவும் இல்லை.

ஆய்வுகூடங்களில் 200 பாகை வேலை, டெப்லோன் உள்ளுறை கொண்ட உருக்குக் கலனில் நடக்கிறது. அங்கேயும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. நீர் 250 பாகையில் கால் பங்கு விரிவடையும். மேலே நிரப்பாத இடம் இல்லாமல் திரவமே கலனை நிரப்பினால், அதன் பிறகு ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அழுத்தம் பார்க் கணக்கில் பாயும். அந்த இடம் இருந்தால் 200 இல் 15.5 பார், 250 இல் 40 பார் என்று நிற்கும். பாடசாலைக்கு 90 பாகை நீர்த்தொட்டி போதும்.


ஆய்வுகூட_மேசை எழுதியது:

கடினத்தன்மை நியமிப்பு: சூடாக்க வேண்டாம். ஏன் சூடாக்கச் சொல்கிறார்கள் என்றால், குளிர்ந்த கரைசலில் முடிவுநிலைக்குக் கிட்ட நிறமாற்றம் மெதுவாக நடக்கும். 30 பாகை அறையில் அந்தக் கஷ்டம் பெரிதாக இல்லை. கடைசித் துளிகளுக்கு இடையில் 3–5 செக்கன் விட்டால் சரி.

சூடாக்கினால் கெடுவது பல. முதலாவது தாங்கல் கரைசல், அதாவது பீஎச்சை மாறாமல் வைத்திருக்கச் சேர்க்கும் அமோனியா–அமோனியம் கரைசல். அமோனியம் அயனின் அமிலத்தன்மை மாறிலியின் எதிர் மடக்கை பாகைக்கு 0.03 வீதம் குறைகிறது. 25 இல் 9.25, 60 இல் 8.3. அறையில் பீஎச் 10 க்குச் செய்த தாங்கல் 60 பாகையில் 9 தான். அமோனியா பறந்தால் இன்னும் கீழே. பீஎச்மானியில் வெப்பநிலைத் திருத்தம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அது மின்வாயின் சரிவை மட்டும்தான் திருத்துகிறது; கரைசலில் நடந்த மாற்றத்தைத் திருத்தாது. பீஎச் இறங்கினால் மகனீசியத்தின் முடிவுநிலை மங்கிவிடும். எரியோக்குரோம் கறுப்பு காட்டியும் சூட்டில் சிதையும். கல்சியம் காபனேற்றும் படியும்.

லிகண்ட் ஒன்றேயானாலும் உலோகத்துக்கு உலோகம் வேறுபடும் என்பதற்கும் இதே தாக்கம் நல்ல உதாரணம். கல்சியம்–ஈடிடிஏ வெப்பவுள்ளுறை மாற்றம் ஏறத்தாழ −27 கிலோயூல், மகனீசியம்–ஈடிடிஏ ஏறத்தாழ +15. 25 இலிருந்து 60 க்குப் போனால் கல்சியத்தின் மடக்கை 10.7 இலிருந்து 10.2 க்கு இறங்கும், மகனீசியத்தினது 8.7 இலிருந்து 9.0 க்கு ஏறும். மகனீசியம் சிறிய அயன், தன்னைச் சுற்றிய நீரை இறுகக் கட்டி வைத்திருக்கிறது. அதைப் பிடுங்கச் செலவு கூடுதல், விடுபட்ட நீரின் எந்திரப்பி இலாபமும் கூடுதல்.

செய்யும் முறை: இருசோடியம் ஈடிடிஏ இருநீரேறு 3.72 கிராமை ஒரு லீற்றருக்கு ஆக்கினால் 0.01 மூல். கிணற்று மாதிரி 25 மில்லிலீற்றர், பற்றரித் தண்ணி 25 மில்லிலீற்றர், தாங்கல் 1–2 மில்லிலீற்றர், காட்டி ஒரு சிட்டிகை. தாங்கல் விட்டதிலிருந்து 5 நிமிடத்துக்குள் முடியுங்கோ, பிந்தினால் காபனேற்று படிந்து அளவு குறைவாக வரும். வைன் சிவப்பு முற்றாகப் போய்ச் சுத்த நீலம் வர வேண்டும். 1 மில்லிலீற்றர் ஈடிடிஏ, 1 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமன். 9 மில்லிலீற்றர் சென்றால் லீற்றருக்கு 360 மில்லிகிராம். 15 மில்லிலீற்றருக்கு மேல் போனால் மாதிரியைக் குறைத்துத் திரும்பச் செய்யுங்கோ. மாதிரியை முன்னமே கொதிக்க வைத்து, ஆற்றி, வடித்து, பழைய கனவளவுக்கு நிரப்பி நியமித்தால் கிடைப்பது நிலைத்த கடினத்தன்மை மட்டும். அது வேறொரு அளவீடு. இரண்டையும் குழப்புவதாலேயே "சூடாக்க வேண்டும்" என்ற பேச்சு வந்திருக்கலாம்.

கோபாற்று, செம்பு தொட்ட பாத்திரத்தில் இந்த நியமிப்பைச் செய்யாதேங்கோ. சுவடளவு இருந்தாலும் அவை காட்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும், நீலம் வராது.


மாரித்தண்ணி எழுதியது:

செய்முறை முடிய மிஞ்சிற கரைசல்களைப் பற்றியும் சொல்ல வேணும். எங்கட கிணறுகள் ஆழமில்லை. பின்வளவில் ஊத்தினது தண்ணிக்குப் போகும்.

கோபாற்றுக் கரைசலை ஊத்தவே தேவையில்லை. இறுக்கின கண்ணாடிப் போத்தலில் வைத்தால் அடுத்த வகுப்புக்கும் அதே கரைசல். எறியத்தான் வேணுமென்றால், மேலே சொன்ன 100 மில்லிலீற்றரை முதல் அரை லீற்றர் தண்ணியில் ஐதாக்குங்கோ, பிறகு ஒரு பெரிய பிளாஸ்ரிக் வாளிக்குள்ள நீரற்ற சோடியம் காபனேற்றுக் கரண்டி கரண்டியாய். 40 கிராம் அளவு போகும், கிட்டத்தட்ட 9 லீற்றர் காபனீரொட்சைட்டு வரும், அதால சின்னப் பாத்திரமென்றால் நுரை தள்ளும். நுரை நின்று பாசிச்சாயத்தாள் நீலமாகிற வரைக்கும் போடுங்கோ. ஊதா கலந்த இளஞ்சிவப்பாய்க் கோபாற்று காபனேற்று படியும். ஒரு இரவு விட்டு, மேல் தண்ணி நிறமில்லாமல் நிற்கிறதைப் பார்த்து இறுத்து, படிவைக் காய வைத்துப் பெயர் எழுதின போத்தலில் பூட்டி வையுங்கோ.

செம்பு–உப்புக் கரைசலுக்கும் இதே வழி. செம்பு–அமோனியாவுக்கு மட்டும் நேரடியாய்ச் சோடியம் காபனேற்றுப் போட்டுப் பிரயோசனமில்லை, அமோனியா செம்பைக் கரைசலிலேயே பிடிச்சு வைத்திருக்கும். முதல் ஐதான சல்பூரிக்கமிலம் விட்டுக் கடும் நீலம் வெளிர் நீலமாகிற வரைக்கும் கொண்டுவந்து, ஒரு சின்ன உருக்குப் பஞ்சைப் போட்டு ஒரு நாள் விடுங்கோ. செம்பு அதில படியும், நீலம் முற்றாய்ப் போகும். மிஞ்சிறது இரும்பும் அமோனியம் சல்பேற்றும். அதைத் தண்ணி கலந்து கழிவுக் குழிக்குள்ள விடலாம், கிணற்றடியில வேண்டாம்.